லண்டன் கோட்டையைச் சுற்றி நட்ட பாப்பி பூக்களை ஏன் பீங்கானில் செய்தார்கள்?

2014-இல், முதல் உலகப்போர் தொடங்கி நூறாண்டு ஆனதற்காக லண்டன் டவர் கோட்டையின் அகழியில் நட்ட பூக்களைத்தானே கேட்கிறீர்கள்? பிரிட்டனில் சிவப்புப் பாப்பி, போரில் இறந்தவர்களை நினைவுகூரும் சின்னம். மொத்தம் 8,88,246 பூ. அந்தப் போரில் இறந்த பிரிட்டன், காலனிப் படைவீரர் ஒருவருக்கு ஒரு பூ என்ற கணக்கு.

மாதக்கணக்கில் வெட்டவெளியில் நிற்க வேண்டும், லண்டன் மழைக்குக் காகிதப் பூ ஒரு நாள் தாங்காது, அதனால் பீங்கான் என்பது நடைமுறைக் காரணம். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: களிமண்ணைத் தட்டையாக்கி, இதழ் வெட்டி, ஒவ்வொன்றையும் கையால் மடித்து, சிவப்பு மெருகு பூசிச் சுட்டதால் ஒரு பூ போல இன்னொன்று இருக்காது, ஓரம் ஒன்றில் சுருண்டிருக்கும், இன்னொன்றில் விரிந்திருக்கும், இறந்த ஒவ்வொருவரும் தனி ஆள் என்பது போல. உருவாக்கிய கலைஞர் பால் கம்மின்ஸ், களிமண் உருட்டும் இயந்திரத்தில் சிக்கி ஒரு விரலையே இழந்தார். அகழியில் அமைத்தவர் மேடை வடிவமைப்பாளர் டாம் பைப்பர்.

நட்டது கூலியாட்கள் இல்லை, ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள். கம்பித் தண்டில் பூவைக் கோர்த்து மண்ணில் அடித்து இறக்குவார்கள். மாலையில் இறந்தவர்களில் 180 பேர் பெயரை வாசிப்பார்கள், அப்புறம் எக்காளம் ஊதி அஞ்சலி செலுத்துவார்கள். கடைசிப் பூவை, அந்தப் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11 அன்று 13 வயதுச் சிறுவன் ஒருவன் நட்டான்.

பூ ஒன்று 25 பவுண்டுக்கு விற்றது, அதில் வந்த பணம் முன்னாள் படைவீரர்களுக்கு உதவும் 6 அறக்கட்டளைகளுக்குப் போனது. ஆக, நினைவு இறந்தவருக்கு, காசு உயிரோடு இருப்பவருக்கு.