வீட்டுக்குப் பின்னால் இன்னொரு சிறு வீடு

கேள்வி: கலிஃபோர்னியாவில் எங்கள் தனி வீட்டின் பின்புறம், பெற்றோர் தங்க 780 சதுர அடியில் சிறு வீடு கட்ட நினைக்கிறோம். நகர விதிகள் இடம் கொடுக்குமா?

பதில்: கொடுத்தே ஆக வேண்டும். 800 சதுர அடி, 16 அடி உயரம் வரையிலான தனிக் கட்டடத்துக்குப் பக்கத்திலும் பின்னாலும் 4 அடி விட்டால் போதும். மனையில் இத்தனை சதவீதம்தான் கட்டலாம் என்ற உள்ளூர் விதியைக் காட்டி மறுக்க மாநிலச் சட்டம் விடாது. ஆனாலும் 740 சதுர அடிக்குக் குறைத்துவிடுங்கள்; 750-ஐத் தாண்டினால் நகரம் இம்பாக்ட் ஃபீ (புதுக் கட்டடத்தால் பொது வசதிகள் மீது கூடும் சுமைக்கான கட்டணம்) கேட்கலாம்.

முழுமையான விண்ணப்பத்துக்கு 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும். 'முழுமையான' என்பதுதான் முக்கியம். வரைபடத்தில் மின்வாரியத்துக்கோ கழிவுநீருக்கோ ஒதுக்கிய ஈஸ்மென்ட் பட்டையைக் காட்டாமல் விட்டால் திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பட்டையின் மேல் கட்டவும் முடியாது. மனையின் உரிமையையும் இத்தகைய ஒதுக்கீடுகளையும் காட்டும் டைட்டில் ரிப்போர்ட்டை முதலில் பாருங்கள்.

பலர் சிக்குவது கழிவுநீர்க் குழாயில். அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். பழைய கழிவுநீர்க் குழாயோடு இணையும் இடம் 60 அடி தள்ளியிருந்தால் 15 அங்குலம் இறங்கியாக வேண்டும். பழைய குழாய் அந்த ஆழத்தில் இல்லையென்றால் பம்ப் வைக்க நேரும். ஆகவே வரைபடம் போடுமுன்பே குழாயின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். மின் பேனல் 100 ஆம்ப் என்றால், இரண்டு வீட்டின் மின்தேவைக்கும் அது போதுமா என்று லோடு கணக்கும் போட வேண்டும். போதாமல் 200 ஆம்புக்கு மாற்ற நேர்ந்தால் மாதக்கணக்கில் ஆகலாம்.