எங்கள் பணம், எங்கள் கணக்கு: அழுத்தக் குழுக்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி, சேலம்): கட்சிக்கும் அழுத்தக் குழுவுக்கும் என்ன வித்தியாசம் சார்?

பதில்: கட்சி ஆட்சிக்கு வரப் பார்க்கும். குழு, ஆட்சியில் யார் இருந்தாலும் அவர்களிடம் தன் காரியத்தைக் கேட்டு வாங்கப் பார்க்கும். உதாரணமாக, தொழிலதிபர்களுக்கு 1927-ல் தொடங்கிய ஃபிக்கி என்ற கூட்டமைப்பு, தொழிலாளர்களுக்கு 1920-ல் தொடங்கிய ஏஐடியுசி என்ற தொழிற்சங்கம்.

கேள்வி: பணமில்லாத ஜனங்கள் சேர்ந்து சட்டமே கொண்டுவர முடியுமா?

பதில்: கொண்டுவந்திருக்கிறார்களே! ராஜஸ்தானில் 1990-ல் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் கிராமத்து மக்களோடு சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் (தொழிலாளர், விவசாயிகள் சக்தி அமைப்பு) தொடங்கினார்கள். அரசு வேலை பார்த்தவர்களுக்குக் கூலி சரியாக வரவில்லை. 1994-ல் கோட் கிரானா கிராமத்தில் ஊரைக் கூட்டி, யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி என்று எழுதிவைக்கும் மஸ்டர் ரோலைச் சத்தமாக வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி எழுதியிருந்தது, செத்துப்போனவர் பெயரிலும்கூட. அந்தந்தப் பெயருக்குரிய வீட்டார் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது கணக்கு எழுதியவர் என்ன சொல்லி மழுப்ப முடியும்?

இப்படிப்பட்ட கணக்குகளைப் பார்க்கும் உரிமை கேட்டு, 1996-ல் அதே ராஜஸ்தானின் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. கிராமங்களிலிருந்து தானியம் வந்தது, சந்தை வியாபாரிகள் காய்கறி கொடுத்தார்கள். 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பதுதான் கோஷம். தேசிய அளவிலும் இயக்கம் வளர்ந்து, 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. தமிழ்நாடு 1997-லேயே தனிச்சட்டம் போட்டது, ஆனால் அதில் விதிவிலக்குகள் ஏராளம்.

கேள்வி: எங்கள் ஊரில் எத்தனை மறியல் செய்தும் பலனில்லையே அண்ணா?

பதில்: கோரிக்கையைப் பாருங்கள் தம்பி. 'ஊழலை ஒழி' என்றால் எந்த அதிகாரியும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். 'இந்தச் சாலைக்கான பில் நகலைக் கொடு' என்றால் கொடுக்க வேண்டும், இல்லை மறுக்க வேண்டும். மறுத்தால் அதுவே அடுத்த போராட்டத்துக்குக் காரணம். கூட்டம் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: பெரிய கம்பெனிகள் ரகசியமாகக் காரியம் சாதிப்பது?

பதில்: நடக்கிறது. அரசிடம் யார் யாருக்காகப் பேசுகிறார் என்று பதிவு செய்ய அமெரிக்காவில் 1995-லேயே சட்டம் வந்தது. நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. எனக்கு இது பெரிய குறையாகத்தான் படுகிறது.

கேள்வி: தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் வந்தாயிற்றே, இனி குழு எதற்கு?

பதில்: 2006-ல் கோப்புக் குறிப்புகளை, அதாவது அதிகாரிகள் கோப்பில் எழுதும் கருத்துகளை, மறைக்கத் திருத்தம் கொண்டுவரப் பார்த்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். 2019-ல் வந்த திருத்தத்தை எதிர்த்தும் தடுக்க முடியவில்லை. தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசே முடிவு செய்யும் என்றாகிவிட்டது. நீங்கள் 10 ரூபாய் கட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு கடைசியில் அந்த ஆணையரிடம்தான் போய் நிற்கும்.