இரத்தக்குழாய் அழற்சியைப் போலவே தோன்றும் நோய்கள் எவை?

இரத்தக்குழாய் அழற்சி என்பது உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு இரத்தக்குழாயின் சுவரையே தாக்கும் நிலை. அத்தகைய தாக்குதல் இல்லாமலேயே அதே அறிகுறிகளைக் காட்டும் நோய்களும் உண்டு. குழாய் எக்காரணத்தால் அடைபட்டாலும் கசிந்தாலும், தோலில் செந்நீலப் புள்ளிகள், விரல் நுனி கருத்தல், சிறுநீரகப் பாதிப்பு என விளைவு ஒன்றாகவே இருப்பதுதான் குழப்பத்தின் வேர். தண்ணீர் வராதபோது குழாய் துருப்பிடித்ததா, எங்கிருந்தோ வந்த கல் அடைத்ததா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாதல்லவா?

இதய வால்வில் கிருமித்தொற்று, பெருந்தமனியிலிருந்து சிதறும் கொழுப்புத் துகள்கள், இரத்தம் எளிதில் உறையும் கோளாறு, ஏன், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி கூட இப்படி ஏமாற்றும். இவற்றுள் வால்வுத் தொற்றைத் தவறவிடுவதே மிக ஆபத்தானது என்பேன். அழற்சி என்றெண்ணி, எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால் தொற்று முற்றிவிடக்கூடும்.

ஆன்கா (ANCA) எனப்படும், உடலின் சொந்த வெள்ளணுக்களையே குறிவைக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் இரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றாலே இரத்தக்குழாய் அழற்சி உறுதி என்று பலர் நினைக்கின்றனர். அந்த வால்வுத் தொற்றிலும் அது பாசிட்டிவாக வருவதுண்டு.