புரோட்டோப்சால்டிஸ் எந்தத் தீவுப் பெயர்?

சிட்னிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, எர்ல்வுட்டில் ஒரு கிரேக்கப் பெரியவரின் வீட்டுக்குப் பின்புறமுள்ள சிறிய வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய குடும்பப்பெயர் புரோட்டோப்சால்டிஸ். அது அபூர்வமான பெயர் என்று அவர் பெருமையோடு சொல்கிறார். அது எங்கிருந்து வந்தது, அவரிடமே கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வாரா, அப்பா பெயரையே நாம் குடும்பப்பெயராகப் போட்டுக்கொள்வதை அவருக்கு எப்படி விளக்குவது என்பவை உங்கள் கேள்விகள்.

தம்பி, தாராளமாகக் கேளுங்கள். இந்த ஊரில் கிரேக்கப் பெரியவர்களோடு பழகுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் "இந்தப் பெயருக்கு என்ன பொருள்?" என்று தொடங்காதீர்கள். "இது எந்த ஊர்ப் பெயர்?" என்று கேளுங்கள். பொருளை நானே சொல்லிவிடுகிறேன். ஊரை அவர்தான் சொல்ல வேண்டும்.

அது தேவாலயப் பதவியிலிருந்து வந்த பெயர். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டில் ப்சால்டிஸ் என்பவர் பாடகர். புரோட்டோப்சால்டிஸ் அவர்களில் முதல்வர். நம் சிவாலயங்களில் ஓதுவாருக்கு உள்ள இடம் அங்கே அவருக்கு. மரபுப்படி வாத்தியம் கிடையாது, எல்லாம் குரல்தான். பலிபீடத்தை நோக்கி நின்றால் வலப்பக்கம் தலைமைப் பாடகரின் இடம், இடப்பக்கம் லம்பதாரியோஸ் எனப்படும் அடுத்தவரின் இடம். இருவரும் மாறி மாறிப் பாடுவார்கள். ஈஸ்டர் இரவு ஒன்றில் வலப்பக்கத்துக்கு அருகிலேயே நிற்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மூக்குக் கண்ணாடி நழுவி நுனிக்கு வந்திருந்த முதியவர் ஒருவர், புத்தகம் வைத்திருந்த மரத்தாங்கியில் ஒரு கையை ஊன்றியபடி பாடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு இளைஞர்கள் ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த ஆதார ஒலிக்கு 'ஈசோன்' என்று பெயர். அவர் வளைவுகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் அது கீழே அசையாமல் நின்றது.

பதவி பெயராக மாறுவதைப் பெரிய இடங்களிலேயே பார்க்கலாம். கான்ஸ்டாண்டிநோபிளின் (இன்றைய இஸ்தான்புல்) தலைமைத் தேவாலயத்தில் பாடிய யாக்கோவோஸ், கிரிகோரியோஸ் இருவரையும் இசை வரலாறு இன்றும் யாக்கோவோஸ் புரோட்டோப்சால்டிஸ், கிரிகோரியோஸ் புரோட்டோப்சால்டிஸ் என்றுதான் அழைக்கிறது. 1814 வாக்கில் கிரேக்கத் தேவாலய இசையின் சுரக்குறிமுறையைத் திருத்தி அமைத்த மூவரில் இந்தக் கிரிகோரியோஸும் ஒருவர். சிறிய ஊர்களிலும் இதே கதைதான். தலைமைப் பாடகரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று அடையாளம் சொல்லிச் சொல்லி, பாடும் குரல் வீட்டில் இல்லாமல் போன பிறகும் பெயர் நிலைத்துவிட்டது.

அபூர்வமானதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. கிரேக்கத்தில் மிகப் பரவலான குடும்பப்பெயர் பாப்பதோபுலோஸ். பாதிரியாரின் மகன் என்று பொருள். ஆர்த்தடாக்ஸ் பாதிரியார் குருப்பட்டம் பெறும் முன்பே மணம் செய்துகொள்ளலாம். ஊருக்கு ஊர் பாதிரியார் இருந்தார், அவருக்குப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆகவே அந்தப் பெயர் பெருகாமல் இருந்தால்தான் வியப்பு. புரோட்டோப்சால்டிஸ் என்ற பட்டமோ பாடகர் குழுவுக்குத் தலைமை தாங்கியவருக்கு மட்டும் உரியது. பதவிப்பெயர் என்பதால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஊர்களில் தனித்தனியாகத் தோன்றவும் வழி உண்டு. அதனால் இந்தப் பெயருள்ள இருவரைப் பார்த்தால் உறவினர்கள் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஊரைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். சிட்னியில் இந்தப் பெயரைக் கேட்டவுடன் விவரம் தெரிந்த கிரேக்கர்கள் "கித்திராவா?" என்பார்கள். கிரேக்கத்தின் தெற்குத் தீபகற்பமான பெலோபொனீஸின் தென்கோடிக்குக் கீழே உள்ள தீவு அது. வேறு இடங்களிலும் இந்தப் பெயர் உண்டு என்றாலும் அந்தத் தீவோடு அதற்குத் தனி நெருக்கம். கித்திரா நூற்றாண்டுக்கணக்கில் வெனிஸ் குடியரசின் ஆட்சியில் இருந்தது. 1797-இல் அது முடிந்து, பிறகு பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்து, 1864-இல்தான் கிரேக்கத்தோடு சேர்ந்தது. வெனிஸ் காலத்துப் பத்திரங்களும் பதிவேடுகளும் அங்கே நிறையவே மிஞ்சியிருக்கின்றன. ஹோரா என்ற தலைநகரின் கோட்டைக்குள் தீவின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. வம்சாவளி தேடுகிறவர்களுக்கு அது பெரும் புதையல்.

ஒரே குடும்பப்பெயர் பல வீடுகளுக்கு இருப்பதால் கித்திராவில் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'பரட்சூக்லி' என்பார்கள். பெரியவர் கித்திராக்காரர் என்றால் அவருடைய கிளைக்கும் ஒன்று இருக்கும். அதை மட்டும் நீங்களாகக் கேட்காதீர்கள். சில பட்டப்பெயர்கள் கேலியாகத் தோன்றியவை. அவராகச் சொன்னால் அது உங்களை வீட்டு மனிதராக ஏற்றுக்கொண்டதன் அடையாளம்.

இந்தத் தீவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் உள்ள உறவு தனியாக எழுத வேண்டிய கதை. நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து சிற்றூர்களில் கஃபேக்கள் நடத்திய கிரேக்கர்களில் பெரும்பகுதி கித்திராக்காரர்கள். சிட்னியில் அவர்களுடைய சங்கம் 1922-லேயே தொடங்கியது. வாய்ப்புக் கிடைத்தால் மாநிலத்தின் வடக்கே உள்ள பிங்காரா ஊருக்குப் போய் ராக்ஸி திரையரங்கைப் பாருங்கள். 1936-இல் மூன்று கித்திராக்காரர்கள் கூட்டாகக் கட்டியது. சில மாதங்களிலேயே அவர்கள் கையை விட்டுப் போய்விட்டது. இப்போது சீரமைத்து, பக்கத்திலேயே கிரேக்கர்களின் அருங்காட்சியகமும் வைத்திருக்கிறார்கள். அந்த மூவரில் ஒருவரின் பெயர் ஜார்ஜ் ப்சால்டிஸ்.

இங்கே வந்த நீண்ட கிரேக்கப் பெயர்கள் பல குறுகிப்போயின. கடைப் பலகையில் இடமில்லை, அதிகாரிகளின் நாக்கில் நுழையவில்லை என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அச்சமும் ஒரு காரணம் என்பதை மறக்கக் கூடாது. முதல் உலகப் போரின்போது, 1916-இல், மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியில் கிரேக்கர்களின் கடைகள் அடித்து நொறுக்கப்பட்டன. அதே ஆண்டு அரசு கிரேக்கர்களை இரகசியமாகக் கணக்கெடுத்தது. வாயிலில் கிரேக்கப் பெயரை எழுதி வைக்கப் பலமுறை யோசிக்க வேண்டிய காலம் அது. புரோட்டோப்சால்டிஸின் முன்பாதியை விட்டுவிட்டு ப்சால்டிஸ் ஆனவர்களும் உண்டு. ப்சால்டிஸ் என்பது தனிக் குடும்பப்பெயராகவும் இருப்பதால், எல்லா ப்சால்டிஸும் வெட்டுப்பட்ட பெயர் அல்ல. உங்கள் வீட்டுக்காரர் முழுப்பெயரையும் வைத்திருக்கிறார் என்றால் அதன் பின்னால் யாரோ ஒருவரின் பிடிவாதம் இருக்கிறது. அது தாத்தாவா, அப்பாவா என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய பெருமைக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

இன்னொன்று. கிரேக்கத்தில் இந்தக் குடும்பத்துப் பெண் புரோட்டோப்சால்டி. இறுதியில் 'ஸ்' வராது. இங்கே பிறந்த பெண்கள் பலர் அப்பாவின் வடிவத்தையே அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடித உறைகளில் இரண்டு வடிவங்களைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

அப்பா பெயர் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு விளக்குவது நீங்கள் அஞ்சுகிற அளவுக்குக் கடினமில்லை. கிரேக்க அரசுப் படிவங்களில் தந்தை பெயருக்கென்றே தனி இடம் உண்டு. பலர் தங்கள் பெயருக்கும் குடும்பப்பெயருக்கும் நடுவில் அப்பா பெயரின் முதலெழுத்தைப் போடுவார்கள். "எங்களிடம் குடும்பப்பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் கூட வரும்" என்று சொன்னால் போதும். முதல் பேரனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரை வைப்பது அவர்கள் வழக்கம், ஆகவே உங்கள் தாத்தா பெயரையும் கட்டாயம் விசாரிப்பார்.

அலுவலகங்கள் அவரைப் போல இருக்காது. பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் எந்த வரிசையில், எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அதையே மெடிகேர், ஓட்டுநர் உரிமம், வங்கி, வரி எண் எல்லாவற்றிலும் கொடுங்கள். ஓரிடத்தில் இனிஷியல், இன்னோரிடத்தில் முழுப்பெயர் என்று விடாதீர்கள். குழந்தை பிறந்தால் எந்தக் குடும்பப்பெயரைப் பதிவது என்பதை மனைவியோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். நீங்கள் அன்று எழுதுவதுதான் இங்கே அடுத்த தலைமுறைக்கும் குடும்பப்பெயராகப் போகும்.

பெரியவர் ஊர்ப் பெயரைச் சொன்னதும் எனக்கு எழுதுங்கள். கித்திரா என்றால் எந்தக் கிராமம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.