மாட்டின் கண்ணில் புழு: வீட்டாருக்கும் வருமா?

கேள்வி: என் கறவைப் பசுவின் இடக்கண்ணில் பத்து நாள்களாக நீர் வடிகிறது. நேற்று கண்ணோரத்தில் வெள்ளை நூல் போன்ற புழு நெளிந்ததைப் பார்த்தேன். தினமும் பால் கறப்பவர் என் மனைவி. அவருக்கும் இது தொற்றுமா?

பதில்: தாங்கள் கண்டது பெரும்பாலும் தெலேசியா என்னும் கண்புழுவாகவே இருக்கும். பசுவைத் தொடுவதாலோ, கறப்பதாலோ, பாலைக் குடிப்பதாலோ அது மனிதருக்கு வருவதில்லை. மாட்டின் கண்ணீரை உறிஞ்ச வரும் ஈ, அதிலுள்ள இளம்புழுக்களையும் சேர்த்து விழுங்குகிறது. அவை ஈயின் உடலுக்குள் சில வாரங்கள் வளர்ந்து, அதன் வாய்ப்பகுதிக்கு வந்த பிறகுதான், அது அடுத்து உட்காரும் கண்ணில் இறங்க முடியும்.

அந்தக் கண் மனிதருடையதாக இருப்பது மிக அரிது, ஆயினும் நிகழ்ந்திருக்கிறது. 2016இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், மாடு வளர்க்கும் பகுதியில் நடமாடிய 26 வயதுப் பெண்ணின் இடக்கண்ணிலிருந்து 14 புழுக்கள் எடுக்கப்பட்டன. அதுவரை மாடுகளிடம் மட்டுமே அறியப்பட்டிருந்த தெலேசியா குலோசா என்ற இனம் அது. புழுக்கள் நீங்கியதும் அவருடைய கண் நலமடைந்தது. இந்தியா உட்பட ஆசிய நாடுகளில் மனிதரிடம் காணப்படுவது பெரும்பாலும் வேறோர் இனம். அது முக்கியமாக நாய்களின் கண்ணில் வாழ்வது.

ஆகவே தங்கள் மனைவி அஞ்ச வேண்டாம். முகத்தில் ஈ உட்கார விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். கண்ணில் உறுத்தலோ, ஏதோ ஊர்வது போன்ற உணர்வோ இருந்தால், கசக்காமல் கண் மருத்துவரிடம் சென்று, பசுவுக்குக் கண்புழு இருப்பதையும் சொல்லட்டும்.

பசுவை நாளைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் கண்ணை மரத்துப்போகச் செய்து புழுக்களை எடுப்பார். தேவையானால் புழுநீக்க மருந்தும் தருவார். அது கறவைப் பசு என்பதை மறவாமல் கூறுங்கள், ஏனெனில் சில மருந்துகளைக் கொடுத்தபின் குறிப்பிட்ட நாள்கள் பாலைப் பயன்படுத்தக் கூடாது. சிலர் செய்வதுபோல் உப்புநீரையோ புகையிலைச் சாற்றையோ கண்ணில் விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே புண்பட்ட கருவிழி அதனால் மேலும் கெடும்.

மருத்துவம் ஒருபுறமிருக்க, ஈயை ஒழிக்காவிட்டால் புழு திரும்பவும் வரும். கண்புழுவைப் பரப்பும் ஈக்கள் பசுஞ்சாணத்தில் முட்டையிடுபவை. சாணத்தைத் தொழுவத்திலேயே குவித்து வைக்காமல் அன்றாடம் அள்ளி எருக்குழியில் இட்டு, குழியைத் தார்ப்பாயால் இறுக மூடினால், உள்ளே எழும் வெப்பத்திலேயே ஈப்புழுக்கள் மடியும். மூத்திரம் தேங்காமல் வாய்க்கால் அமைத்து, தரையை உலர்வாக வைத்திருங்கள். அதே தொழுவத்தில் கட்டியுள்ள மற்ற மாடுகளின் இரு கண்களையும் மருத்துவர் வரும்போதே பரிசோதிக்கச் சொல்லுங்கள். நீர் வடியாத கண்ணிலும் புழு இருக்கக்கூடும்.