பழைய தரவுத்தளங்கள்: வாசகர் கேள்வி-பதில்

பொக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் இருந்த கடைக் கணக்கின் டிபிஎஃப் (அட்டவணை) கோப்புகளை மட்டும் பென்டிரைவில் எடுத்துவிட்டேன். போதுமா? (சுன்னாகம்)

போதாது. மெமோ புலங்களில் (நீண்ட குறிப்பு எழுதும் இடங்களில்) எழுதியதெல்லாம் எஃப்பிடி கோப்பில் தனியே கிடக்கும். முழுக் கோப்புறையையும் எடுங்கள். இன்னொன்று, பொக்ஸ்புரோவில் அழித்த பதிவு உடனே அழியாது. ‘பாக்’ கட்டளை கொடுக்கும்வரை அழித்த அடையாளத்தோடு உள்ளேயே இருக்கும். கவனிக்காமல் ஏற்றுமதி செய்தால் இரத்துச் செய்த பற்றுச்சீட்டுகளும் சேர்ந்து மொத்தம் பிழையாகும். முதலில் பிரதி எடுங்கள், பிறகு கை வையுங்கள்.

எஸ்.கியூ.எல். சேர்வர் என்ற தரவுத்தள மென்பொருளின் 2000 பதிப்பில் எடுத்த பக்அப் 2019 பதிப்பில் ஏறுதில்லை. (மானிப்பாய்)

நேரே ஏறாது. இடையில் வந்த 2008 ஆர்2 பதிப்பில் ஏற்றி, அங்கே புதிதாக பக்அப் எடுத்து, அதை 2019இல் ஏற்றுங்கள்.

சேர், டேட்டா எல்லாம் போயிட்டுது. எடுக்கலாமா? (ஊர் எழுதவில்லை)

ஊர் மட்டுமா? எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எப்படிப் போனது என்று ஒன்றுமே இல்லை. கணனியை நிறுத்துங்கள். மீட்பு மென்பொருளை அதே டிஸ்கில் நிறுவாதீர்கள். முழு விபரத்தோடு திரும்ப எழுதுங்கள்.

அங்கத்தவர் பெயர்கள் பொக்ஸ்புரோவில், பாமினி எழுத்துருவில் உள்ளன. எல்லாக் கணனிக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டுக்கு மாற்றி அதே அட்டவணையில் போட்டால் பாதியில் வெட்டுப்படுகின்றன. பாமினியிலேயே காப்பகப்படுத்தலாமா? (கூட்டுறவுச் சங்க லிகிதர், சாவகச்சேரி)

கூடாது. ‘தமிழ்’ என்ற சொல் பாமினியில் 5 பைட், யூனிகோட்டைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15. பழைய புலத்தின் அகலம் எப்படிப் போதும்? மாற்றியதை எஸ்கியூலைட் என்ற ஒரே கோப்புத் தரவுத்தளத்தில் போடுங்கள். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் தரவுக்குப் பரிந்துரைக்கும் வடிவங்களில் அதுவும் ஒன்று.

பாமினி ஓர் எழுத்துரு மட்டுமே. அதை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். கொம்பு முன்னால் பதிவாவதால் அகரவரிசை கேட்டால் கே, சே, வே என்று தொடங்கும் பெயர்களெல்லாம் ஒரே இடத்தில் குவியும். யூனிகோட்டில் தமிழ் 1991இலேயே வந்துவிட்டது. அப்படியிருந்தும் இன்றுகூடப் புது மென்பொருளைப் பாமினியில் செய்து கொடுத்துக் காசு வாங்குகிறார்கள். பத்து வருடம் கழித்து அந்தப் பெயர்களைத் தேடப்போவது உங்கள் சங்கம், அவர்கள் அல்ல. ஒப்பந்தத்திலேயே யூனிகோட் என்று எழுதி வாங்குங்கள்.

மாற்றும்போது புலம் புலமாக மாற்றுங்கள். மொத்தமாக மாற்றினால் ஆங்கில முகவரியும் அடையாள அட்டை இலக்கத்தின் ‘வி’யும் தமிழ்க் குப்பையாகிவிடும். ‘கோ’வின் குறி சில மாற்றிகளில் ஒரே குறியீடாக வரும், சிலவற்றில் இரண்டாகப் பிரிந்து வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், தேடலுக்கு வேறு. எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவுக்கு (பிரிந்த குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவுக்கு) கொண்டுவாருங்கள். மூலப் பாமினிப் புலத்தையும், எழுத்துருவின் பெயரைக் குறித்து, பக்கத்திலேயே வைத்திருங்கள். திரும்பவும் சொல்கிறேன்: முதலில் பிரதி.

சீஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) எடுத்து வைத்தால் போதுமா? (நெல்லியடி)

நல்லதுதான். ஆனால் அதை எக்செலில் திறந்து சேமிக்காதீர்கள். தொலைபேசி இலக்கத்தின் முன் பூச்சியம் போகும், 12 இலக்க அடையாள அட்டை எண் சிதையும். ‘நிலை 3’ போன்ற குறியீடுகளின் பொருளையும் ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். மென்பொருள் செய்தவர் வெளிநாடு போன பிறகு யாரைக் கேட்பீர்கள்?

பக்அப் தினமும் டி டிரைவுக்குப் போகிறது. பயமில்லைத்தானே? (கஸ்தூரியார் வீதி)

ஒரே டிஸ்கின் இரண்டு பகுதிகள் என்றால் அது பக்அப்பே அல்ல. மின்னல் ஒன்று போதும், இரண்டும் போகும். ஒரு பிரதி கடைக்கு வெளியே இருக்கட்டும். மாதம் ஒருமுறை வேறு கணனியில் ஏற்றி, ஏதாவது ஒரு நாளின் விற்பனை மொத்தத்தை அச்சுப்பிரதியோடு ஒப்பிடுங்கள்.