இணையதளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றினால் கூகுளில் இருந்து வருபவர்கள் குறைந்துவிடுவார்களா?

ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைத்திருக்கும் வாடகை இடம், மாறியதால் மட்டும் பெரிதாகக் குறையாது. மாற்றுகிற சாக்கில் வேறு எதிலாவது கை வைத்தால்தான் குறையும். இது தெரியாமல் எங்கள் வீடு கிட்டத்தட்ட மூன்று மாதம் பட்ட பாட்டால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன். நீங்களும் எங்களைப் போலச் சின்ன வியாபாரம் வைத்திருப்பீர்கள், யாரோ விலை குறைத்துச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. வீட்டு முன்கட்டில் நான்கு பேர் உட்கார்ந்து வேலை செய்யும் அளவுதான். வாங்குகிறவர்களுக்கு நேராகவே விற்கலாம் என்று ஒரு தளம் தொடங்கினேன். விளம்பரத்துக்குக் காசு இல்லை. அதனால் அப்பாவிடம் கேட்டுக் கேட்டுத் தமிழில் எழுதினேன். குழந்தைக்கு அளவு எடுப்பது, கறுத்த வெள்ளியைத் துலக்குவது, திருகு தளர்ந்தால் என்ன செய்வது என்று நான்கு வருடத்தில் 46 கட்டுரைகள். தினமும் முந்நூறு பேர் வருவார்கள், இரண்டு மூன்று பேர் போன் செய்வார்கள். அந்தப் போன்தான் எங்கள் வருமானத்தில் பாதி.

பழைய ஹோஸ்டிங்கில் சாயங்காலம் ஆனால் பக்கம் திறக்காது. மாற்றித்தர ஒருவரிடம் கொடுத்தோம். அவர் எங்கள் முகவரிகளைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் உடைந்து கிடக்கிறது" என்றார். அதிகம் பேர் படித்த கட்டுரையின் முகவரி 'கொலுசு-அளவு-எடுப்பது-எப்' என்று பாதியில் நிற்கும். பார்க்கப் பிழை மாதிரிதான் இருக்கும். ஆனால் அது பிழை இல்லை. எங்கள் தளம் ஓடும் வேர்ட்பிரஸ் மென்பொருள் முகவரியின் இந்தப் பகுதிக்கு 200 எழுத்து இடம்தான் தருகிறது. தமிழில் 'கு' என்று எழுதினால் கணினிக்கு அது 'க' ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. முகவரியில் அது ஒவ்வொன்றும் சதவீதக் குறி போட்ட 9 எழுத்தாக விரிகிறது. அப்படி 22-க்கு மேல் இடம் இல்லை, 'எப்படி' வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்டாலும் அந்த முகவரியைத்தான் கூகுள் நான்கு வருடமாகத் தெரிந்து வைத்திருந்தது.

அவர் 46 முகவரிகளையும் ஆங்கிலமாக்கிவிட்டார். எங்களிடம் கேட்கவில்லை. எடிட்டரில் முகவரியை மாற்றினால் வேர்ட்பிரஸ் பழையதை நினைவில் வைத்துத் தானே திருப்பிவிடுமே என்று தெரிந்தவர்கள் கேட்பீர்கள். உண்மைதான். அவர் மாற்றியது எடிட்டர் வழியாக இல்லை, தளத்தின் தகவல்கள் சேமிக்கப்படும் டேட்டாபேஸில் நேராக. அதனால் பழைய இணைப்பில் வந்த எல்லோருக்கும் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பதில்.

நாலாம் நாள் அப்பா கேட்டார், "என்ன கண்ணு, போனே வரல?" அவரிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை. மாற்றித்தந்தவரைக் கேட்டால், "ஹோஸ்டிங் மாத்துனா அப்படித்தான், மூணு மாசம் பொறுங்க" என்றார். இந்தப் பதிலை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். முகவரி மாறாமல் சர்வர் (தளம் இருக்கும் கணினி) மட்டும் மாறினால், கூகுளுக்காகப் பக்கங்களைப் படித்துப் போகும் கூகுள்பாட் கொஞ்ச நாள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் பழையபடி வரும். வருகிறவர்கள் முந்நூறிலிருந்து நாற்பதாக விழ அது காரணமே இல்லை.

பிறகு நானே, தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலைத் திறந்து உட்கார்ந்தேன். 404 பட்டியல் முழுக்கத் தமிழ் முகவரிகள். சொன்ன பிறகு அவர் எச்டிஆக்சஸ் என்ற அமைப்புக் கோப்பில் 301 ரீடைரக்ட், அதாவது பழைய முகவரியைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பும் கட்டளை, எழுதினார், ஒன்றும் நடக்கவில்லை. புதிய சர்வரில் ஓடும் மென்பொருள் என்ஜின்எக்ஸ், அது அந்தக் கோப்பைப் படிக்கவே படிக்காது. கடைசியில் பழைய பேக்கப்பிலிருந்து தமிழ் முகவரிகளை அப்படியே திரும்ப வைத்தோம். இடையில் உலவிய ஆங்கில முகவரிகளைச் சர்வரிலேயே தமிழுக்குத் திருப்பினோம். அதற்குள் மூன்று வாரம் போயிருந்தது. பழைய கணக்குக்கு வர இன்னும் இரண்டு மாதம் ஆனது.

அந்த நாட்களில் என்னை அதிகம் நோகடித்தது வேறு. கூகுளில் நாங்கள் இல்லாத இடத்தில் மேலே வந்த ஒரு கடை, எங்கள் பட்டறைப் படத்தையே போட்டு மெஷின் கொலுசை 'சேலம் கைவேலை' என்று விற்றுக்கொண்டிருந்தது. அப்பா ஒவ்வொரு சலங்கையாகப் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பவர். ஊதி ஊதி அவருக்கு இப்போது இருமல் நிற்பதில்லை. மெஷின் கொலுசு கெட்டது என்று நான் சொல்லவில்லை, விலை குறைவு, வாங்கட்டும். அதை மெஷின் கொலுசு என்று சொல்லி விற்க வேண்டும். எழுதிக் கேட்டேன், இன்றுவரை பதில் இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் கணினி படித்தவன் இல்லை, பட்டதைச் சொல்கிறேன். மாற்றும் முன் சர்ச் கன்சோலில் இருந்து பக்கங்களின் பட்டியலை இறக்கி வையுங்கள். மாற்றிய அன்றே அதில் உள்ள முகவரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், தமிழ் முகவரி என்றால் கட்டாயம். தளத்தின் பெயரைச் சர்வரோடு இணைக்கும் டி.என்.எஸ்.ஸில் டி.டி.எல். மதிப்பை (பழைய பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பது) இரண்டு மூன்று நாள் முன்பே 300 நொடிக்கு இறக்கிவிட்டால் புதிய சர்வருக்கு எல்லோரும் சீக்கிரம் வந்து சேர்வார்கள். புதிய இடத்தில் சோதனைக்காகத் தேடுபொறி வேண்டாம் என்று டிக் போட்டிருந்தால் எடுக்க மறக்காதீர்கள். சர்வரின் காவல் மென்பொருளான ஃபயர்வால் கூகுள்பாட்டைத் தடுக்கிறதா என்பதையும் சர்ச் கன்சோலிலேயே பார்க்கலாம்.

டி.என்.எஸ். பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரையும் மாற்றுகிறீர்கள் என்றால் மின்னஞ்சலுக்கான எம்.எக்ஸ். பதிவுகளைக் கையோடு எடுத்துப் போங்கள். பழைய ஹோஸ்டிங்கை ஒரு மாதமாவது நிறுத்தாதீர்கள். எங்கள் பேக்கப் அங்கேதான் கிடந்தது, புதுப்பிக்க வேண்டாம் என்று சொல்ல இருந்தோம்.